‘பாரபட்சம்’ என்ற சொல்லை வாக்கியத்தில் அமைத்து எழுதுக: எந்த விடைக்கு எவ்வளவு மதிப்பெண்?

வினா: முல்லைக்கொடி

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலை நேரத்தில் தமிழ்ப் பாடம் நடத்தி வருகிறேன். அண்மையில் வைத்த தேர்வில், ‘பின்வரும் சொற்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக’ என்ற பகுதியில் ‘பாரபட்சம்’ என்ற சொல்லையும் சேர்த்திருந்தேன். வந்த விடைகளில் சிலவற்றுக்கு முழு மதிப்பெண் தருவதா, பாதி தருவதா, சுழியம் இடுவதா என்று முடிவுசெய்ய இயலாததால், அவற்றை மாணவர்கள் எழுதியபடியே இங்கே தருகிறேன்.

‘நடுவர் பாரபட்சமாகத் தீர்ப்பு வழங்கினார்’ என்று எழுதியவர்களைப் பற்றி எனக்கு ஐயமில்லை. ‘பாரபட்சம் ஒரு கெட்ட பழக்கம்’ என்று ஏழெட்டுப் பேர் எழுதியிருக்கிறார்கள். பிழை ஏதும் இல்லை, ஆனால் சொல்லின் பொருள் தெரிந்துதான் எழுதினார்களா என்பது விளங்கவில்லை. ‘என் அம்மா தம்பியிடம் பாரபட்சம் காட்டுகிறார்’ என்ற வாக்கியத்தைப் படித்தபோது, அந்த அம்மா தம்பிக்குக் கூடுதலாகச் செய்கிறாரா குறைத்துச் செய்கிறாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ‘வகுப்புத் தலைவன் என்னைப் பாரபட்சப்படுத்தினான்’ என்று ஒருவன் எழுதியிருக்கிறான். ‘மழை பாரபட்சமின்றி எல்லா ஊர்களிலும் பெய்தது’ என்பது இன்னொரு மாணவியின் விடை; மழைக்குப் பாரபட்சம் உண்டா என்று பக்கத்திலிருந்தவள் கேட்டாள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவை இரண்டு. ஒன்று: ‘எங்கள் பாட்டி ஊர்த் தேநீர்க் கடையில் முன்பு பாரபட்சம் இருந்தது, சிலருக்குக் கண்ணாடிக் குவளையிலும் சிலருக்குத் தனியாக வைத்த குவளையிலும் தேநீர் கொடுத்தார்கள்.’ மற்றொன்று: ‘பேருந்தில் பெண்களிடம் மட்டும் கட்டணம் வாங்காமல் இருப்பது ஆண்களுக்கு எதிரான பாரபட்சம்.’ இரண்டாவதை வகுப்பில் வாசித்தவுடன் பெரிய வாக்குவாதமே நடந்தது. பாரபட்சம், பாகுபாடு, ஓரவஞ்சனை ஆகிய மூன்றும் ஒரே பொருளைத்தான் தருகின்றனவா, அல்லது ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டா என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். நான் புரட்டிய அகராதி, ஒன்றைத் தேடினால் மற்றொன்றைப் பொருளாகக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

மறுமொழி: பிழைதிருத்தி

முல்லைக்கொடி அவர்களுக்கு வணக்கம். பதிப்பகம் ஒன்றில் நெடுங்காலம் மெய்ப்புப் பார்த்தவன் என்ற முறையில், மொழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பேருந்து, தேநீர்க் கடை இரண்டையும் சட்டம் தெரிந்தவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

‘பாரபட்சம் ஒரு கெட்ட பழக்கம்’ என்ற விடைக்கு நானாக இருந்தால் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் தரமாட்டேன். இத்தகைய விடைகளைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: கொடுத்த சொல்லை எடுத்துவிட்டு அங்கே ‘சோம்பல்’ என்றோ ‘பொய்’ என்றோ வைத்துப் பாருங்கள். வாக்கியம் அப்போதும் குறையின்றி நின்றால், மாணவர் சொல்லுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தாரே தவிர, வேலை எதையும் கொடுக்கவில்லை. ‘நடுவர் சோம்பலாகத் தீர்ப்பு வழங்கினார்’ என்பது இடறுகிறதல்லவா? அங்கே பாரபட்சத்துக்கு வேலை இருக்கிறது.

என்ன வேலை என்பதற்குச் சொல்லின் உட்பகுதியைப் பார்க்க வேண்டும். ‘பட்சம்’ என்பது வடமொழியிலிருந்து வந்தது. சிறகு, பக்கம், தரப்பு என்று பொருள்படும். பறவைக்குப் ‘பட்சி’ என்று பெயர் வந்ததும், வளர்பிறையையும் தேய்பிறையையும் சுக்கிலபட்சம், கிருஷ்ணபட்சம் என்று பஞ்சாங்கம் குறிப்பதும், நாம் அன்றாடம் அதிகபட்சம், குறைந்தபட்சம் என்று பேசுவதும் இதே சொல்லைக் கொண்டுதான். தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் ஒரு பக்கம் சாய்வதற்குப் ‘பட்சபாதம்’ என்ற வடிவமே வழங்குகிறது. தமிழில் அது பெரும்பாலும் வழக்கொழிந்து, ‘தேவனிடத்தில் பட்சபாதமில்லை’ என்று தமிழ் விவிலியத்தில் தங்கியிருக்கிறது. அந்த இடத்தைப் பொது வழக்கில் பாரபட்சம் எடுத்துக்கொண்டது. ஆகவே இரண்டு தரப்புகள் இல்லாத இடத்தில் இந்தச் சொல் நிற்காது. பகிர்ந்து கொடுக்கும் அல்லது தீர்ப்புச் சொல்லும் இடத்தில் ஒருவர் இருக்க வேண்டும். சம உரிமையோடு அவர் முன் நிற்பவர்கள் குறைந்தது இருவராவது இருக்க வேண்டும். அவர் ஒருவர் பக்கம் சாய வேண்டும். இம்மூன்றையும் வாக்கியம் வெளிப்படையாகச் சொல்லத் தேவையில்லை, உணர்த்தினால் போதும். ‘நடுவர்’ என்ற சொல்லே இரண்டு அணிகளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவதால்தான் அந்த வாக்கியம் சிறியதாக இருந்தும் நிறைவாக இருக்கிறது. (டெஸ்ட் கிரிக்கெட்டில் உள்நாட்டு நடுவர்களைப் பற்றிய முணுமுணுப்பு நெடுங்காலம் இருந்து, 1994 முதல் ஒருவரும், 2002 முதல் இருவருமாக வெளிநாட்டு நடுவர்கள் களத்தில் நிறுத்தப்பட்டார்கள். சாய்ந்தார் என்பதை நிறுவுவது கடினம். சாய்வதற்கு இடமிருக்கிறது என்ற எண்ணமே போதுமானதாக இருந்தது.)

அம்மா, தம்பி வாக்கியத்தின் சிக்கல் ‘தம்பியிடம்’ என்ற உருபில் இருக்கிறது. ‘இடம்’ என்பது யாரை நோக்கி என்பதைக் காட்டுமே ஒழிய, ஆதரவா ஒதுக்கலா என்பதைக் காட்டாது. ‘அன்பு காட்டினார்’, ‘வெறுப்புக் காட்டினார்’ என்று எழுதும்போது அன்பு, வெறுப்பு என்ற சொற்களே திசையைச் சொல்லிவிடுகின்றன. பாரபட்சத்துக்கு அந்தத் திசை கிடையாது. எனவே ‘எனக்கும் தம்பிக்கும் இடையே அம்மா பாரபட்சம் காட்டுகிறார்’ என்று எழுதுவது ஒரு திருத்தம். ‘மீன் குழம்பில் நடுத்துண்டைத் தம்பிக்கே எடுத்து வைக்கும் அம்மாவின் பாரபட்சம் எனக்குப் பிடிப்பதில்லை’ என்று நிகழ்ச்சியையே சொல்லிவிடுவது அதைவிட நல்ல திருத்தம். அந்த மாணவனை வகுப்பில் மீண்டும் எழுதச் சொல்லிப் பாருங்கள். நடுத்துண்டு யாருக்குப் போகிறது என்பது அவனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஆனால் வீட்டுக்குள் நடப்பதற்குப் பாரபட்சத்தைவிடப் பொருந்துவது ஓரவஞ்சனைதான். ‘ஓரம்’ என்பதற்கு விளிம்பு என்ற பொருளோடு ஒருபக்கச் சாய்வு என்ற பொருளும் பழைய தமிழில் உண்டு. ஒளவையாரின் நல்வழி, வழக்கு மன்றத்தில் ஒருபக்கமாகப் பேசியவரின் வீட்டில் வேதாளம் சேரும், வெள்ளெருக்குப் பூக்கும் என்று அடுக்கிக்கொண்டே போய், ‘மன்றோரம் சொன்னார் மனை’ என்று முடிக்கிறது. மன்றத்திலிருந்த அந்த ஓரம், வஞ்சனையோடு சேர்ந்து, பிறகு அடுக்களைக்கும் பந்திக்கும் வந்துவிட்டது. விருந்தில் ஆளைப் பார்த்துப் பரிமாறுவதற்குப் ‘பந்திவஞ்சனை’ என்று தனியாகவே ஒரு சொல் வைத்திருந்த மக்கள் நாம். ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பது என்று நம் வீடுகளில் சொல்வதும் இந்த ஓரவஞ்சனையைத்தான்.

ஓரவஞ்சனைக்கும் பாரபட்சத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே ஓர் அடைமொழியைக் கொண்டு அறியலாம். ‘ஆசிரியர் தம்மை அறியாமலேயே பாரபட்சம் காட்டினார்’ என்று எழுத முடியும். ‘தம்மை அறியாமலேயே ஓரவஞ்சனை செய்தார்’ என்று எழுத முடியாது. வஞ்சனை என்பது அறிந்து செய்வது. பிடிக்கும் சொற்களும் வேறு: ஓரவஞ்சனையைச் ‘செய்வார்கள்’, பாரபட்சத்தைக் ‘காட்டுவார்கள்’ அல்லது ‘பார்ப்பார்கள்’. ‘பார்’ என்ற வினை பெரும்பாலும் எதிர்மறையிலேயே வரும்: ‘பாரபட்சம் பார்க்காமல் நடவடிக்கை எடுத்தார்.’

‘பாரபட்சப்படுத்தினான்’ என்பதற்குச் சுழியம் இட வேண்டாம். வினையை அவன் உருவாக்கிய விதத்தில் பிழை இல்லை. வகைப்படுத்து, அவமானப்படுத்து, துன்பப்படுத்து என்று பெயரோடு ‘படுத்து’ சேர்ந்து வினையாவது நம் மொழியில் வளமான வழிதான். இருப்பினும் இந்தச் சொல் அந்த வழியில் போகவில்லை, காரணமும் இருக்கிறது. அவமானம் ஒருவர் மேல் வந்து விழுவது, அதனால் ‘என்னை அவமானப்படுத்தினான்’ என்கிறோம். பாரபட்சமோ இருவருக்கு நடுவில் இருப்பது. ‘என்னை’ என்ற ஒற்றைச் செயப்படுபொருளை அது ஏற்காது. அவன் சொல்ல வந்தது ‘என்னை ஓரங்கட்டினான்’ அல்லது ‘என்னைப் புறக்கணித்தான்’ என்பதாக இருக்கலாம். பாரபட்சத்தையே வைத்து எழுத விரும்பினால், ‘வகுப்புத் தலைவனின் பாரபட்சத்துக்கு ஆளானேன்’ என்பது சரியான தொடர்.

மழை வாக்கியத்துக்கு முழு மதிப்பெண்ணோடு ஒரு பாராட்டும் எழுதிக் கொடுங்கள். கொடுக்கும் இடத்தில் மழையையும், பெறும் இடத்தில் ஊர்களையும் நிறுத்திவிட்டாள். சொல் கேட்கும் அத்தனையும் அங்கே இருக்கின்றன. பக்கத்தில் இருந்தவளிடம், மழை வாராது பொய்த்தது என்று எழுதும்போது மழையைப் பொய்யராக்குகிறோமே, அதற்கு யாரும் சான்று கேட்பதில்லை என்று சொல்லலாம்.

எழுத்துப்பிழை பற்றி ஒரு வரி: ‘பாகுபாடை ஒழிக்க வேண்டும்’ என்று சுவரொட்டிகளில்கூடக் காண்கிறேன். வீடு, வீட்டை என்றாவது போலப் பாகுபாடு, பாகுபாட்டை என்றே வரும். ‘சாதிப் பாகுபாடு’, ‘எந்தப் பாரபட்சமும் இன்றி’ என்று ஒற்று மிகும்.

மறுமொழி: வழக்காடி

பிழைதிருத்தி ஐயா விட்டுவைத்த இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். நீதிமன்றத்துக்கும் அலுவலகங்களுக்கும் மனு எழுதிக் கொடுப்பது என் அன்றாட வேலை. இந்தச் சொற்களைப் பிழைபடப் பயன்படுத்தினால் மதிப்பெண் மட்டுமே குறையும் என்பதில்லை.

தேநீர்க் கடை வாக்கியத்தை எழுதிய மாணவிக்கு முழு மதிப்பெண் தாருங்கள். ஆனால் அவள் எடுத்த சொல் அந்த நிகழ்வின் அளவுக்குப் போதாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். பாரபட்சம் என்பது பெரும்பாலும் ஓர் ஆளின் குறை. நடுவரை மாற்றினால், மேற்பார்வையாளரை மாற்றினால், தீரக்கூடியது. இரட்டைக் குவளை முறை அப்படிப்பட்டதன்று. கடைக்காரர் மாறினாலும் குவளைகள் இரண்டாகவே இருந்தன. ஏனென்றால் அது அவருடைய மனச்சாய்வாக மட்டும் இல்லாமல் ஊரின் கட்டுப்பாடாகவும் இருந்தது. யாருக்கு எந்தக் குவளை என்பது அவர் வந்து நிற்பதற்கு முன்பே, அவர் பிறப்பைக் கொண்டு முடிவாகியிருந்தது. ஆளுக்கு முன்பே பிரிவு முடிவாகிவிடும் இடத்தில் நாம் எழுத வேண்டியது பாகுபாடு. அதிலும் எதன் அடிப்படையில் என்பதைச் சேர்த்துச் சாதிப் பாகுபாடு. இந்த நிகழ்வுக்கு அதைவிடத் துல்லியமான சொல்லும் இருக்கிறது: தீண்டாமை. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைப் பெயர் சொல்லியே ஒழித்தது. 1955இல் அதைத் தண்டிக்கும் சட்டம் வந்தது. அதுவே 1976இல் திருத்தப்பட்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரைப் பெற்றது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் சட்டம் 1989இல் வந்தது. இத்தனைக்கும் பிறகு ஒருவர் தம் மனுவில் ‘கடைக்காரர் பாரபட்சம் காட்டினார்’ என்று எழுதினால், படிப்பவர் அதை வாடிக்கையாளர் ஒருவரின் மனக்குறையாக எடுத்துக்கொண்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார்.

ஆளின் குறைக்கும் விதியின் குறைக்கும் உள்ள தொலைவை விளக்க மாணவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்லலாம். சி. பி. முத்தம்மா இந்திய அயலுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். குடகில் பிறந்து சென்னையில் படித்தவர். 1949இல் பணியில் சேர்ந்தார். அந்தப் பணியின் விதிகளின்படி, ஒரு பெண் அதிகாரி திருமணம் செய்துகொள்வதற்கு முன் அரசின் எழுத்துப்பூர்வ அனுமதியைப் பெற வேண்டும். குடும்பக் கடமைகள் பணிக்கு இடையூறு ஆகும் என்று அரசு கருதினால் திருமணத்துக்குப் பிறகு அவரைப் பதவி விலகச் சொல்லலாம். ஆண் அதிகாரிகளுக்கு இந்த விதி இல்லை. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே பதவி உயர்வு கொடுக்கப்பட்டுவிட்டதால் 1979இல் மனு தள்ளுபடி ஆயிற்று; எனினும் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, இத்தகைய விதிகளைக் கடுமையாகக் கண்டித்து, பணி விதிகள் முழுவதையும் பாலினப் பாகுபாட்டின் கறை இல்லாதபடி அரசு சீர்செய்ய வேண்டும் என்று கூறியது. இதில் இரண்டு வாக்கியங்கள் எழுதலாம். ‘பதவி உயர்வுக் குழு முத்தம்மாவுக்கும் பிற அதிகாரிகளுக்கும் இடையே பாரபட்சம் காட்டியது’ என்பது குழுவில் இருந்தவர்கள் மேல் வைக்கும் குற்றச்சாட்டு. ‘அயலுறவுப் பணியின் விதிகள் பாலினப் பாகுபாடு உடையவையாக இருந்தன’ என்பது விதியின் மேல் வைக்கும் குற்றச்சாட்டு. குழுவில் எவ்வளவு நல்லவர்கள் அமர்ந்திருந்தாலும் இரண்டாவது வாக்கியம் பொய்யாகாது.

இனிப் பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். பையனின் வாக்கியம் சொல்லின் பொருளை அறிந்துதான் எழுதப்பட்டிருக்கிறது: கொடுக்கும் அரசு, பெறும் இரு தரப்பு, ஒரு தரப்புக்கு மட்டும் சலுகை. வாக்கியம் அமைக்கும் வினாவுக்கு அது போதும். கருத்து உங்களுக்கு உடன்பாடில்லை என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைத்தால், அந்தச் சொல்லுக்கு நீங்களே வகுப்பில் ஓர் எடுத்துக்காட்டு ஆகிவிடுவீர்கள்.

ஆனால் அவன் சொல்வது சரிதானா என்று அவர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். வேறுவிதமாக நடத்துவதெல்லாம் பாகுபாடு ஆகாது. 14ஆம் பிரிவு சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. அதற்குப் பொருள் சொன்ன நீதிமன்றங்கள், புரிந்துகொள்ளத்தக்க ஒரு வேறுபாட்டின் அடிப்படையிலும், அந்த வேறுபாட்டுக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் உரிய தொடர்போடும் மக்களை வகைப்படுத்தலாம் என்று 1950களிலிருந்தே கூறி வந்திருக்கின்றன. மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு அரசு பாகுபாடு காட்டக்கூடாது என்று சொல்லும் அதே 15ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடுகள் செய்வதை அது தடுக்காது என்கிறது. நான்காம் உட்பிரிவு நம் மாநிலத்தில் எழுந்த வழக்கினால் வந்தது. கல்லூரி இடங்களைச் சாதி, மத அடிப்படையில் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் முதலாவது திருத்தத்தின் வழியாகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான தனி ஏற்பாடு அரசமைப்புக்குள் சேர்க்கப்பட்டது. ஆகவே கட்டணமில்லாப் பயணத்தை எதிர்ப்பவர், அது வேறுபாடு காட்டுகிறது என்று சொன்னால் மட்டும் போதாது. அந்த வேறுபாட்டுக்குத் தகுந்த காரணம் இல்லை என்பதையும் காட்ட வேண்டும். பாகுபாடு என்ற சொல்லே முதலில் பகுப்பு என்ற அளவில்தான் நின்றது. நிலத்தை ஐந்திணையாகப் பகுத்ததும், சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என்று பிரித்ததும் பாகுபாடுகளே. அவற்றில் யாருக்கும் குறை இல்லை.

மனு எழுதுவோருக்காக ஒன்று. ‘பேரூராட்சி எங்கள் தெருவுக்குப் பாரபட்சம் காட்டுகிறது’ என்று எழுதி வருகிறார்கள். அதை, ‘வடக்குத் தெருவுக்கு நாள்தோறும் குடிநீர் வழங்கும் பேரூராட்சி, அதே குழாயில் இணைப்புப் பெற்று, அதே வரியைச் செலுத்தும் எங்கள் தெருவுக்கு நான்கு நாள்களுக்கு ஒருமுறை மட்டுமே வழங்குவது பாரபட்சமாகும்’ என்று மாற்றிக் கொடுப்பேன். ஒப்பிடப்படும் தெரு எது, எதில் இரண்டும் சமம், எதில் வேறாக நடத்தப்படுகின்றன என்ற மூன்றும் வாக்கியத்துக்குள் வந்துவிட்டால், அலுவலர் அந்தச் சொல்லைத் தள்ளிவைக்க முடியாது.

மறுமொழி: யாழ்க்கரை

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். வழக்காடி அவர்கள் பாரபட்சத்தை ஆளின் குறையாகவும் பாகுபாட்டை விதியின் குறையாகவும் பிரித்திருப்பது கற்பிப்பதற்கு வசதியானது. ஆனால் எங்கள் பக்கத்து வழக்கு அந்த எல்லைக்குள் அடங்காது. இங்கே பாரபட்சம் சிறிய சொல் அன்று. அரச நியமனங்களில் பாரபட்சம், காணிப் பகிர்வில் பாரபட்சம், மொழியின் பேரால் பாரபட்சம் என்று நிறுவனங்கள் செய்வதையே நாங்கள் அந்தச் சொல்லால் குறிக்கிறோம். தனியாள் ஒருவர் சாய்ந்து நடப்பதற்குப் ‘பக்கச்சார்பு’ என்ற சொல் எங்கள் செய்தித்தாள்களில் தாராளமாகப் புழங்குகிறது. ‘விசாரணை பக்கச்சார்பின்றி நடைபெற வேண்டும்’ என்பது இங்கே வழமையான வாக்கியம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றின் காரணமாகப் பிரசை எவருக்கும் வேறுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. சட்டத் தமிழில் இதற்கு ‘ஓரங்காட்டுதல்’ என்றும் எழுதுவதுண்டு. பிழைதிருத்தி அவர்கள் காட்டிய மன்றோரம் எங்கள் சட்ட மொழியில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதில் எனக்குச் சிறிது பெருமையும் உண்டு.

இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நியாயமற்ற நடத்தையைக் குறிக்கும் சொல் எப்போதும் அப்படித் தோற்றமளிக்க வேண்டும் என்பதில்லை. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவரப்பட்ட முறைக்குத் ‘தரப்படுத்தல்’ என்று பெயர். அகராதியில் பார்த்தால் குற்றமற்ற சொல், தேயிலையையும் தரப்படுத்துகிறார்கள். ஆயினும் மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் நுழையத் தமிழ் மொழிமூல மாணவர்கள் கூடுதலான புள்ளிகளைப் பெற வேண்டியதாயிற்று என்பதால், எங்கள் பெற்றோர் தலைமுறையில் அந்தச் சொல்லைப் பாரபட்சம் என்ற பொருளில் அல்லாமல் யாரும் கேட்டதில்லை. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தையும் அதன் அலுவற்பெயரால் நாங்கள் குறிப்பதில்லை. ‘தனிச் சிங்களச் சட்டம்’ என்கிறோம். ‘தனி’ என்ற ஈரெழுத்து அடையே அங்கே பாரபட்சத்தைச் சொல்லிவிடுகிறது. ஆகவே அந்த மாணவி தீண்டாமை என்று எழுதாமல் இரண்டு குவளைகளைக் காட்டியது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. குவளைகளைக் காட்டிய பிறகு எந்தச் சொல்லைப் போட்டாலும் படிப்பவருக்கு விளங்கிவிடும்.

வினவியவர்: முல்லைக்கொடி

மூவருக்கும் நன்றி. பேருந்து வாக்கியத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டேன்; அடுத்த வகுப்பில் 15ஆம் பிரிவை வாசித்துக் காட்டவும் முடிவுசெய்திருக்கிறேன். மீதமிருப்பவை இரண்டு ஐயங்கள். பேருந்து வாக்கியத்தில் ‘ஆண்களுக்கு எதிரான பாரபட்சம்’ என்று வருகிறது. அந்த ‘எதிரான’ நல்ல தமிழா? விடுபட்ட ஒரு விடை: ‘மாமா ஒருதலைப்பட்சமான பாரபட்சத்தோடு பேசினார்.’ இதில் ஏதோ இடிக்கிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

மறுமொழி: பிழைதிருத்தி

பின்னதை முதலில் பார்க்கலாம். இடிப்பது கூறியது கூறல். பாரபட்சத்துக்குள்ளேயே ஒரு பக்கம் சாய்தல் இருக்கும்போது அதற்கு மேலும் ஒருதலைப்பட்சம் எதற்கு? ‘மாமா ஒருதலைப்பட்சமாகப் பேசினார்’ என்று ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆனால் இரண்டும் ஒன்றென்று அவர்கள் எண்ணிவிட வேண்டாம். ஒருதலைப்பட்சம் என்பதில் நியாயக்கேடு இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ‘ஒப்பந்தத்தை ஒருதலைப்பட்சமாக முறித்துக்கொண்டது’ என்றால் மறுதரப்பைக் கலக்கவில்லை என்று பொருள். ‘ஒருதலைப்பட்சமாகப் போர்நிறுத்தம் அறிவித்தது’ என்றால் அது பாராட்டுக்குரியதாகக்கூட இருக்கலாம். அந்த இடத்தில் பாரபட்சத்தை வைத்தால் வாக்கியம் சிதைந்துவிடும். பழைய நூல்களைப் படிக்கும் மாணவர் எவராவது இருந்தால் இன்னோர் எச்சரிக்கையும் தேவைப்படும்: நடுவுநிலைமை அதிகாரத்தில், 119ஆம் குறளில் வரும் ‘ஒருதலையா’ என்பதற்கு உறுதியாக என்று பொருள். சாய்வைப் பற்றிய அதிகாரத்திலேயே அந்தச் சொல் வருவதால், ஒருபக்கமாக என்று உரை சொல்லிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாய்வுக்கு அங்கே உள்ள சொல் ‘கோட்டம்’; கோடுதல் என்றால் வளைதல். வளைந்த கோல்தான் கொடுங்கோல்.

‘எதிரான’ என்பதைப் பிழை என்று சொல்லமாட்டேன். முன்பே நாம் பேசிய திசைச் சிக்கலுக்கு அது ஒரு தீர்வு. யார் பாதிக்கப்பட்டவர் என்பதில் ஐயம் எழாமல் செய்துவிடுகிறது. செய்தித்தாள்களில் நிலைபெற்றும் விட்டது. எனக்கு விருப்பமானது வேறு: ‘கட்டணத்தில் ஆண் பெண் பாரபட்சம் காட்டுவது’ என்றோ, ‘ஆண்கள் பாரபட்சத்துக்கு ஆளாகிறார்கள்’ என்றோ எழுதினால் வாக்கியம் இன்னும் இயல்பாக ஓடும். இது என் காதுக்குப் பிடித்தது என்பதற்கு மேல் வேறு அதிகாரம் இல்லை. இதற்காக மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

யாழ்க்கரை அவர்கள் ‘பக்கச்சார்பு’ என்ற சொல்லை நினைவூட்டியதற்கு நன்றி. இங்கே நாங்கள் ‘ஒருசார்பு’ என்று எழுதுகிறோம், ஆனால் அந்த அளவுக்கு அது புழக்கத்தில் ஏறவில்லை. அடுத்த தேர்வில் இதே சொல்லை மீண்டும் கொடுப்பதாக இருந்தால், ‘குறைந்தது இருவர் இடம்பெறுமாறு வாக்கியம் அமைக்க’ என்ற குறிப்பையும் வினாவில் சேர்த்துவிடுங்கள். ‘கெட்ட பழக்கம்’ என்று எழுதிய ஏழெட்டுப் பேரும் அந்தக் குறிப்பைப் பார்த்ததும் தங்கள் வீட்டிலிருந்தோ வகுப்பிலிருந்தோ இரண்டு பேரைத் தேடத் தொடங்குவார்கள்.